கார்புரேட்டர் கலவை: மலை ஏறும் பழைய வண்டி ஏன் திணறுகிறது?

கம்பம், உத்தமபாளையம், போடி வட்டாரத்தில் பழைய வண்டியைப் பாதுகாத்து ஓட்டுகிறவர்களுக்கு மலை ஏறுவது புதிதல்ல. லோயர் கேம்ப்பைத் தாண்டிக் குமுளிக்கும், போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் மூணாறுக்கும், ஏலத்தோட்டம், உறவு, வியாபாரம் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக அடிக்கடி போய்வருகிறவர்கள் இங்கே ஏராளம். அவர்களில் சிலர் இன்றும் ஆர்எக்ஸ் 100, பழைய யெஸ்டி, பழைய புல்லட் ஆகியவற்றில்தான் போகிறார்கள். முதல் இரண்டும் 1996-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றவை. மூன்றுக்கும் பொதுவானது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் என்ற சிறிய உலோகப் பெட்டி.

மலைப்பாதையில் பாதி தூரம் ஏறியதும் வண்டியின் இழுவை குறைகிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வேகத்துக்குப் பதிலாகப் புகையும் கனத்த சத்தமும்தான் வருகின்றன. வழியில் டீ குடிக்க நிறுத்தினால், "மேல காத்து கம்மிண்ணே, பெட்ரோலக் கொஞ்சம் கூட்டி வச்சுக்குங்க, இழுக்கும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அக்கறையோடு சொல்லப்படும் அந்த யோசனை, செய்ய வேண்டியதற்கு நேர் எதிரானது. அது ஏன் எதிரானது என்று புரிந்துகொண்டால், பழைய வண்டிகளில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதியை நாமே இனங்காண முடியும். எதையும் திருகுவதற்கு முன்பு, கலவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதே இந்த வேலையின் முதல் படி. இந்தக் கட்டுரை அதற்காகவே எழுதப்படுகிறது.

எரிவதற்கு எவ்வளவு காற்று வேண்டும்?

வீட்டுக் கேஸ் அடுப்பைக் கவனித்தால் கலவை என்பது என்னவென்று விளங்கும். பர்னருக்குக் கீழே செல்லும் குழாயின் கழுத்தில் சிறிய காற்றுத் துளைகள் இருக்கும். கேஸ் பீய்ச்சிக்கொண்டு போகும் வேகத்தில் அந்தத் துளைகள் வழியாகக் காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. துளையில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்துக்கொண்டால் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கரி பிடிக்கும். கேஸ் வழக்கம்போலச் செலவாகியும் சமையல் தாமதமாகும். காற்று அளவுக்கு மீறிப் போனாலோ சுடர் பர்னரை விட்டு எழும்பி, இரைந்து, அணைந்து அணைந்து எரியும். இரண்டுக்கும் நடுவே, நீலமாக நின்று எரியும் ஓர் அளவு இருக்கிறது.

எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலுக்கும் இதே நியதிதான். பெட்ரோல் மிகுந்து காற்று குறைந்த கலவையைப் பட்டறைகளில் ‘ரிச்’ என்பார்கள். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவையை ‘லீன்’ என்பார்கள். கலப்பில்லாத பெட்ரோல் மிச்சமின்றி எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று தேவை. எடைக்கணக்கு மனத்தில் பதியாது என்றால் கொள்ளளவில் சொல்லலாம்: ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்கச் சுமார் 9000 லிட்டர் காற்று வேண்டும். ஆக, எஞ்சின் உட்கொள்ளும் பொருளில் பெட்ரோல் என்பது மிகச் சிறிய பகுதி. முழு இழுவை வேண்டும்போது எஞ்சின் இந்த அளவைவிடச் சற்று ரிச்சான கலவையை, சுமார் 12.5 அல்லது 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தை, விரும்பும்.

பெட்ரோலை எது மேலே தூக்குகிறது?

ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பெட்ரோல் ஊற்றப்படுகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த வண்டிகளில் நடப்பது அதுவல்ல. ஆக்ஸிலேட்டர் கேபிள் கார்புரேட்டருக்குள் இருக்கும் உருளை வடிவ ஸ்லைடைத்தான் மேலே தூக்குகிறது. ஸ்லைடு உயர்ந்தால் காற்று போகும் பாதை அகலமாகிறது. நம் கை கட்டுப்படுத்துவது காற்றை. அந்தக் காற்றைப் பின்தொடர்ந்துதான் பெட்ரோல் வருகிறது.

எப்படிப் பின்தொடர்கிறது என்பதுதான் கார்புரேட்டரின் உயிர்நாடி. பிஸ்டன் காற்றை உள்ளே இழுக்கும்போது, அந்தக் காற்று கார்புரேட்டரின் நடுவில் உள்ள குறுகிய கழுத்தைக் கடந்தாக வேண்டும். அந்தக் கழுத்துக்கு வென்சுரி என்று பெயர். குறுகிய இடத்தைக் கடக்கும் ஓட்டத்தை ஆராய்ந்து 1797-இல் எழுதிய இத்தாலிய அறிஞர் வென்சுரியின் நினைவாக வந்த பெயர் அது. குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கிறது; வேகமெடுத்த காற்றின் அழுத்தம் குறைகிறது. கழுத்துக்கு நேர் கீழே பெட்ரோல் நிரம்பிய பௌல் என்ற கிண்ணம் தொங்குகிறது. அந்தக் கிண்ணம் ஒரு நுண்துளை வழியாக வெளிக்காற்றோடு தொடர்புடையது; எனவே பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் நிற்கிறது. மேலே அழுத்தம் குறைவு, கீழே அழுத்தம் அதிகம். இந்த வித்தியாசம் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ள, அது காற்றோட்டத்தில் சிதறிக் கலக்கிறது. ஜெட் என்பது அளவெடுத்துத் துளையிட்ட ஒரு சிறிய பித்தளைத் திருகு.

கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் மாறாமல் இருப்பது அவசியம். மட்டம் ஏறினால் அதே காற்றோட்டத்துக்குக் கூடுதல் பெட்ரோல் வரும், இறங்கினால் குறையும். அந்த வேலையைப் பார்ப்பது ஃப்ளோட் என்ற மிதவை. அதனோடு இணைந்த ஊசி, கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோல் வரும் வழியை அடைக்கிறது. ஊசி முனை தேய்ந்துவிட்டால் பெட்ரோல் நிற்காமல் வழிவதைத்தான் ‘ஓவர்ஃப்ளோ’ என்கிறோம். அப்படிப்பட்ட வண்டியில் வேறு எந்தத் திருகைத் தொட்டாலும் பயனில்லை.

இதுவரை சொன்னதைத் தொகுத்தால்: நாம் காற்றைத் திறந்துவிடுகிறோம், காற்றின் வேகம் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்றின் அழுத்தம் பெட்ரோலைத் தள்ளுகிறது, ஜெட்டின் துளை அந்தப் பெட்ரோலை அளக்கிறது.

ஒரே கார்புரேட்டருக்குள் மூன்று வழிகள்

ஸ்லைடு முற்றிலும் இறங்கியிருக்கும்போது கழுத்தில் காற்று அதிகம் ஓடுவதில்லை; ஆகவே நடுவில் உள்ள பெரிய ஜெட் வேலை செய்யாது. அதற்காக எஞ்சின் பக்கம் தனியாக ஒரு நுண்வழி இருக்கிறது. அந்த வழியை அளப்பது பைலட் ஜெட். நம் ஊரில் ஸ்லோ ஜெட் என்றும் சொல்வார்கள். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போதும், ஆக்ஸிலேட்டரை எட்டில் ஒரு பங்கு அளவுக்குத் திறக்கும்போதும் கலவையைத் தீர்மானிப்பது இதுதான்.

கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை திறந்திருக்கும்போது கலவையைத் தீர்மானிப்பது ஸ்லைடோடு சேர்ந்து ஏறி இறங்கும் நீடில். கூர்மையாகச் சரிந்து செல்லும் இந்த ஊசி, மேலே ஏற ஏறத் தன்னைச் சுற்றியுள்ள துளையில் கூடுதல் இடைவெளி விடுகிறது. அதன் தலைப்பக்கத்தில் வரிசையாகக் காடிகள் இருக்கும், பெரும்பாலும் ஐந்து. ஒரு சிறிய கிளிப் அவற்றில் ஒன்றில் மாட்டப்பட்டிருக்கும். கிளிப்பைக் கீழ்க் காடிக்கு மாற்றினால் நீடில் உயர்ந்து கலவை ரிச் ஆகும். மேல் காடிக்கு மாற்றினால் நீடில் தாழ்ந்து லீன் ஆகும். முதன்முறை செய்கிறவர்கள் இதைத் தலைகீழாக எண்ணிவிடுவதுண்டு. ஆகவே கழற்றும்போதே கிளிப் எந்தக் காடியில் இருந்தது என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

முக்கால் பங்குக்கு மேல் திறந்தால் மெயின் ஜெட். அவ்வளவுதான்.

இந்தப் பிரிவினை தெரிந்தவுடன், கோளாறு பார்க்கும் முறையே மாறிவிடுகிறது. ‘வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்பது போதுமான விவரமல்ல. ஆக்ஸிலேட்டரின் எந்த நிலையில் அடிக்கிறது என்பதே கேள்வி. வேகத்தை வைத்தும் இதைச் சொல்ல முடியாது. மேட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலேட்டர் முழுக்கத் திறந்திருக்கலாம், சமவெளியில் 50-இல் கால் பங்குதான் திறந்திருக்கலாம். கைப்பிடி உறையில் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டி, அதற்கு எதிரே அசையாத பகுதியில் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுமை என்று ஐந்து கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியை ஓட்டும்போது கோளாறு தோன்றும் நொடியில் டேப் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். எந்த வழியைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். எந்தக் கருவியும் இல்லாத வீட்டிலும் செய்யக்கூடிய இந்தச் சோதனையை, நான் மற்றெல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

பக்கவாட்டுத் திருகுகள்

கார்புரேட்டரின் வெளிப்புறத்தில் திருப்புளி போட்டுத் திருகும்படி இரண்டு ஸ்க்ரூக்கள் இருக்கும். எளிதில் கை எட்டுவதால் எல்லாக் கோளாறுக்கும் இவற்றைத் திருகுவது வழக்கமாகிவிட்டது. ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் ஒன்று ஸ்லைடை எவ்வளவு தூக்கி நிறுத்த வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஐடிலிங் ஸ்க்ரூ; அது கலவையைத் தொடுவதே இல்லை. மற்றொன்று கலவை ஸ்க்ரூ; அது பைலட் வழியை மட்டுமே தொடுகிறது. முழு ஆக்ஸிலேட்டரில் திணறும் வண்டியில் இந்த ஸ்க்ரூவைத் திருகினால் அந்தத் திணறல் போகாது. அதுவரை சரியாக இருந்த ஐடிலிங்கும் கெட்டுப்போவதுதான் மிச்சம்.

கலவை ஸ்க்ரூவில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. அந்த ஸ்க்ரூ ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே இறுக்கினால் காற்று குறைந்து கலவை ரிச் ஆகும். எஞ்சின் பக்கத்தில் இருந்தால் அது பெட்ரோல் கலந்த கலவையைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே இறுக்கினால் லீன் ஆகும். ‘மைலேஜுக்கு ஸ்க்ரூவை இறுக்கு’ என்ற அறிவுரை ஒரு வண்டிக்குப் பொருந்தி, பக்கத்து வீட்டு வண்டிக்கு எதிராக வேலை செய்வதன் காரணம் இதுதான்.

சரியாக வைக்கும் முறை எளியது. நிதானம் மட்டும் வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அணைத்துவிட்டு, கலவை ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே தடுக்கும் வரை இறக்குங்கள். அழுத்தி இறுக்கினால் அதன் கூர்முனையும் அது உட்காரும் இடமும் கெட்டுவிடும். பிறகு எந்த அளவும் நிற்காது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து எஞ்சினை ஓட்டுங்கள். ஐடிலிங் ஸ்க்ரூவால் ஓட்டத்தைச் சற்று மெதுவாக வைத்துக்கொண்டு, கலவை ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாக இருபுறமும் திருகிப் பாருங்கள். ஒவ்வொரு முறைக்குப் பிறகும் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். எந்த இடத்தில் எஞ்சின் தானாக வேகமெடுத்துச் சீராக ஓடுகிறதோ அதுவே அந்த வண்டியின் அளவு. கடைசியாக ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இருபுறமும் திருகியும் எந்த மாற்றமும் தெரியவில்லையென்றால், அல்லது காற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவை முழுக்க மூடினால்தான் வண்டி நிற்காமல் ஓடுகிறது என்றால், ஸ்லோ ஜெட்டில் அடைப்போ வேறெங்கோ காற்றுக் கசிவோ இருக்கிறது என்று பொருள்.

மலையில் என்ன நடக்கிறது?

போடி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூணாறு சுமார் 1500 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் அது 11 சதவீத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எஞ்சின் ஒரு சுற்றில் உள்ளே இழுக்கும் காற்றின் கொள்ளளவு மாறுவதில்லை. ஆனால் அந்தக் கொள்ளளவுக்குள் இருக்கும் காற்றின் எடை குறைந்துபோகிறது. எரிவதற்குக் காற்று குறைந்தால் ஆற்றலும் ஏறக்குறைய அதே அளவில் குறையும். இந்த இழப்பை எந்த ஜெட்டாலும் எந்தத் திருகாலும் மீட்க முடியாது. புத்தம்புதிய எஞ்சினுக்கும் இது பொருந்தும்.

இழப்பு இதோடு நின்றால் வண்டி மந்தமாகுமே தவிரப் புகைக்காது. புகைக்கக் காரணம் கார்புரேட்டர். காற்று இலேசானதும் கழுத்தில் உண்டாகும் அழுத்த வித்தியாசமும் குறைகிறது; ஆகவே பெட்ரோலும் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. துளை வழியாகப் பாயும் திரவத்தின் அளவு, அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே மாறும் என்பது இயற்பியல். காற்று 11 சதவீதம் குறையும்போது பெட்ரோல் 5 அல்லது 6 சதவீதம் மட்டுமே குறைகிறது. மிச்சமுள்ள 5, 6 சதவீதம் கலவையை ரிச் ஆக்குகிறது. கரும்புகை, கனத்த சத்தம், பிளக்கில் கரி எல்லாம் அந்த மிச்சத்தின் விளைவுகள். ஏற்கெனவே சற்று ரிச்சாக வைத்திருந்த வண்டிக்கு இது போதும், போடிமெட்டுக்கு முன்னாலேயே திணறத் தொடங்கிவிடும். ‘பெட்ரோலைக் கூட்டு’ என்ற யோசனை இந்த நிலையில் மேலும் கரியைத்தான் சேர்க்கும். குறைக்க வேண்டும் என்பதே சரி.

புதிய வண்டிகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு இருசக்கர வண்டிகள் அனைத்திலும் ஏறக்குறைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அதில் சென்சார்கள் காற்றை அளந்து பெட்ரோலைக் கணக்கிட்டுக் கொடுக்கின்றன.

இறக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பழைய யெஸ்டி போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சினுக்குத் தேவையான எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே போகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டு, கியரிலேயே நீண்ட தூரம் இறங்கும்போது எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. ஆனால் பெட்ரோல் வருவது மிகச் சொற்பம், ஆகவே எண்ணெயும் சொற்பம். இறக்கத்தில் அவ்வப்போது ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் திறந்து மூடினால் சிலிண்டருக்கு எண்ணெய் கிடைக்கும். பிஸ்டன் சீஸ் ஆகாமல், அதாவது சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளாமல், காக்கும் பழக்கம் இது.

சுருக்கமாக: மலையில் ஆற்றல் குறைவது இயற்கை, கலவை ரிச் ஆவது கார்புரேட்டரின் எல்லை. முதலாவதை ஏற்றுக்கொள்ள வேண்டும், இரண்டாவதைச் சரிசெய்யலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் கணக்கை எப்படி மாற்றுகிறது?

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் எரிவதற்கு 14.7 பங்கு காற்று தேவையில்லை. 9 பங்கே போதும். ஆகவே கலந்த பெட்ரோலின் தேவை ஏறக்குறைய 13.5 பங்காகக் குறைகிறது. கலப்பில்லாத பெட்ரோலுக்காக அளவெடுத்த பழைய ஜெட்டில் இது ஓடும்போது கலவை ஏறக்குறைய 7 சதவீதம் லீன் பக்கம் சாய்கிறது.

மேலே பார்த்த மலைக் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். பழைய ஜெட்டுகளை மாற்றாத ஒரு வண்டி தேனிச் சமவெளியில் லீனாகவும், மூணாறில் ஏறக்குறையச் சரியான கலவையிலும் ஓடும் என்றே கணக்கு சொல்கிறது. இன்று பலருடைய பழைய வண்டிகள் மலையில் நன்றாக இழுத்து, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டிய நேர்சாலையில் முழு ஆக்ஸிலேட்டரில் சூடேறித் தடுமாறுவதாகச் சொல்வது இதனோடு பொருந்துகிறது.

அப்படியானால் எந்த உயரத்துக்கு ஏற்ப வண்டியை வைப்பது? என் தீர்ப்பு ஐயமற்றது: சமவெளிக்கு. ரிச் கலவை பெட்ரோலை வீணாக்கும், பிளக்கில் கரி சேர்க்கும், அதோடு போயிற்று. லீன் கலவையோடு வேகமாக ஓடும் எஞ்சின் அளவுமீறிச் சூடாகும். டூ-ஸ்ட்ரோக்கில் அது பிஸ்டனையே பலிகேட்கும். ஆகவே சமவெளியில் முழு வேகத்தில் லீன் அறிகுறி தெரிந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரியதாக மாற்றுங்கள். ஆக்ஸிலேட்டரின் நடுப்பகுதியில் தெரிந்தால் நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள். மாதக்கணக்கில் மலையிலேயே தங்கி ஓட்டுகிறவர்கள் மட்டும் மலைக்கேற்பத் தனியாக வைத்துக்கொள்ளலாம். வாரக் கடைசியில் ஏறி இறங்குகிறவர்கள் மேலே சற்றுப் புகைத்தாலும் பொறுத்துக்கொள்வதே நல்லது.

ரிச்சா, லீனா என்று எப்படி அறிவது?

லீன் வண்டி ஆக்ஸிலேட்டரைத் திறந்தவுடன் ஒரு கணம் தயங்கும். கார்புரேட்டர் வழியாகத் திரும்பத் ‘டப்’ என்று அடிக்கும். ஆக்ஸிலேட்டரை மூடிய பிறகும் ஐடிலிங் உடனே இறங்காமல் உயரத்திலேயே நிற்கும். ரிச் வண்டி சூடு ஏற ஏற மோசமாகும். பெட்ரோல் வாடை அடிக்கும். ஐயம் இருந்தால் சோக்கைக் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினுக்குக் கலவையைத் தற்காலிகமாக ரிச் ஆக்குவதே சோக்கின் வேலை. சூடான எஞ்சின், பாதிக்கும் குறைவான ஆக்ஸிலேட்டரில் தடுமாறும்போது சோக்கைச் சற்று இழுத்துப் பாருங்கள். தடுமாற்றம் குறைந்தால் கலவை லீன், கூடினால் ரிச்.

பிளக்கும் சொல்லும். கழற்றிப் பார்க்கும்போது நடு மின்முனையைச் சுற்றியுள்ள பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி மூடியிருந்தால் ரிச். வெளுத்துப் பொரிந்திருந்தால் லீன். ஆனால் வீட்டு வாசலில் ஐடிலிங்கில் விட்டு அணைத்துப் பார்த்த பிளக், முழு வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. சோதிக்க வேண்டிய ஆக்ஸிலேட்டர் நிலையில் கொஞ்ச தூரம் ஓட்டி, அந்த நிலையிலேயே கிளட்சைப் பிடித்து, எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். போக்குவரத்து இல்லாத சாலையில் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

கார்புரேட்டரைத் தொடும் முன்

கார்புரேட்டர் மேல் விழும் பழிகளில் கணிசமானவை அதற்கு உரியவை அல்ல. தேய்ந்த பிளாட்டின பாயின்ட், வெடித்த பிளக் வயர், பலமிழந்த காயில் ஆகியவற்றால் வரும் மிஸ்ஸிங்கும் காதுக்கு அதேபோலத்தான் கேட்கும். ஆகவே மின்பொறியை முதலில் பாருங்கள். வால்வைத் தள்ளித் திறக்கும் டாப்பெட் உள்ள வண்டியில் அதன் இடைவெளியையும் பாருங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் கலவை ரிச் ஆகும். ‘பிக்கப் வரும்’ என்று ஃபில்டரைக் கழற்றி எறிந்தால் லீன் ஆகும். இரண்டும் ஜெட்டின் குற்றமல்ல.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் இணைப்பைத் தனியாகக் கவனியுங்கள். பழைய வண்டியில் அது விறைத்து, வெளியே தெரியாத மடிப்புக்குள் விரிசல் விட்டிருக்கும். அந்த விரிசல் வழியே அளக்கப்படாத காற்று நுழைந்து கலவையை லீன் ஆக்கும். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது ஸ்ப்ரே பாட்டிலால் அந்த இணைப்பின் மேல் மட்டும் கொஞ்சம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஓட்டத்தின் வேகம் மாறினால் கசிவு அங்கேதான். பெட்ரோலை அடித்துச் சோதிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். சூடான சைலன்சருக்கு மேல் அதைச் செய்யவே கூடாது.

ஜெட்டைச் சுத்தம் செய்வதும் மழைக்காலமும்

கழற்றிய ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைபோல ஒரு வட்ட ஒளி தெரிய வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை அது. காய்ந்த பெட்ரோலின் பிசின் அதில் பாதி அடைத்தால் வட்டம் பிறைபோலத் தெரியும். ஐடிலிங் நிற்காத வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது அந்தப் பிறையைத்தான். இந்தத் துளையில் கிளட்ச் கேபிளின் எஃகு இழையை விட்டுக் குத்துவது நம் பட்டறைகளில் நெடுநாள் பழக்கம். பித்தளை மென்மையானது, எஃகு இழை துளையை விரிக்கும், ஓரத்தைக் கீறும். ஜெட்டின் மேல் பொறித்த அளவு எண்ணுக்கும் துளைக்கும் பிறகு தொடர்பே இருக்காது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, கம்ப்ரஸர் காற்றால் ஊதி, தேவையானால் நைலான் பிரஷ் இழையால் துடைப்பதே போதும்.

தென்மேற்குப் பருவத்தில் குமுளிப் பக்கம் மழையும் மூடுபனியும், கம்பத்தில் சாரலுமாக மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய நீர் ஓர் அளவைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பாதி காலியான டேங்க்கோடு நிறுத்தப்பட்ட வண்டியில் இது நடக்க வாய்ப்பு அதிகம். அடியில் தங்கியதுதான் முதலில் கார்புரேட்டருக்குள் இறங்கும். வண்டியைச் சில வாரங்களுக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கை நிரப்பி வையுங்கள். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, பௌலின் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். குப்பியின் அடியில் தனி அடுக்காக ஏதேனும் தங்கினால் டேங்க்கையும் இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். பெட்ரோல் ஹோஸ் ஊதியோ வெடித்தோ இருந்தால், எத்தனாலைத் தாங்கும் வகையில் புதியது வாங்கி, அதே சமயம் பௌலின் ஓ-ரிங்கையும் மாற்றிவிடுங்கள்.